டொராண்டோ உப்பும் தோப்புத்துறை உப்பும்

ஐயா, வணக்கம். மற்றவர்களும் படிக்கக்கூடும் என்பதால் உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டொராண்டோவில் வேலை பார்க்கும் உங்கள் மகள் மூன்று வருடம் ஓடிய கார் ஒன்றை வாங்கியிருக்கிறார். குளிர்காலத்தில் அங்கே சாலையில் உப்பைக் கொட்டுவதால் அடித்தகடு துருப்பிடித்துவிடும், ஆண்டுக்கொரு முறை எண்ணெய் அடிக்க வேண்டும் என்று உடன் வேலை செய்பவர்கள் சொல்கிறார்கள். கார் விற்ற இடத்திலோ, மின்சாரத்தால் துருவைத் தடுக்கும் கருவியைப் பொருத்தச் சொல்கிறார்கள். எது சரி என்று மகள் கேட்கிறார். இதற்கு நடுவில், வேதாரண்யத்தை ஒட்டிய கடலோரத் தோப்புத்துறையில், வீட்டு வாசலில் உறை போட்டு நிற்கும் உங்கள் ஐந்து வருடக் காரிலும் கதவோரம் பெயின்ட் பொங்கியிருக்கிறது. "இங்கே பனியா பெய்கிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நாகப்பட்டினம் வெளிப்பாளையத்தில் இருபத்தேழு வருடமாக டிங்கரிங் பட்டறை வைத்திருக்கிறேன். என் தம்பி ஒன்டாரியோவில் இதே தொழிலில் இருக்கிறான். ஒரு குளிர்காலம் முழுக்க அவனோடு தங்கி, அந்த ஊர்க் கார்களின் அடிப்பக்கத்தை மல்லாந்து படுத்துப் பார்த்திருக்கிறேன். இரண்டு ஊரிலும் காரைத் தின்பது உப்புதான். வந்து சேரும் வழி மட்டும் வேறு.

உங்கள் வீட்டு அடுக்களையில் இருக்கும் உப்புச் சாடியைப் பாருங்கள். சித்திரை வெயிலில் கல்லுப்பு கலகலவென்று இருக்கும். ஐப்பசி பிறந்து மழை பிடித்ததும் சாடியின் அடியில் நீர் கோத்து நிற்கும். யாரும் அதில் தண்ணீர் ஊற்றுவதில்லை. காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டினால் சோடியம் குளோரைடு காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரையத் தொடங்கிவிடும். கடலுப்பில் கொஞ்சம் மக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கும். அது ஈரப்பதம் 33 சதவீதம் இருந்தாலே நீரை இழுக்கும். அதனால்தான் நம் வேதாரண்யத்துக் கல்லுப்பு, பாக்கெட்டில் வரும் தூள் உப்புக்கு முன்பே கசிகிறது.

சாடியில் நடப்பது அப்படியே காரின் தகட்டிலும் நடக்கிறது. இரும்பு துருப்பிடிக்க நீரும் வேண்டும், காற்றிலுள்ள ஆக்சிஜனும் வேண்டும். தகட்டின் ஓர் இடத்தில் இரும்பு கரையும். பக்கத்து இடத்தில் ஆக்சிஜன் அதற்கு ஈடு கொடுக்கும். இரண்டுக்கும் நடுவே சிறு மின்னோட்டம் ஓடும். மழைநீரில் அந்த ஓட்டம் மெதுவாக நடக்கும். உப்பு கரைந்த நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால் வேகம் பிடித்துவிடும். இதைவிடப் பெரிய கெடுதல் ஒன்று உண்டு: உப்பு படிந்த தகடு சீக்கிரம் காய்வதில்லை. கார் எத்தனை முறை நனைந்தது என்பதைவிட, எத்தனை மணி நேரம் ஈரமாகவே இருந்தது என்பதுதான் துருவின் கணக்கு. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்ற எல்லாவற்றையும் நீங்களே முடிவு செய்துவிடலாம்.

தஞ்சாவூர் பீரங்கி மேட்டில் கிடக்கும் இரும்புப் பீரங்கியைப் பார்த்திருப்பீர்கள். 17ஆம் நூற்றாண்டு, நாயக்கர் காலத்து வேலை. ஏறக்குறைய 25 அடி நீளம். வார்த்ததில்லை, இரும்பைக் காய்ச்சி அடித்து ஒட்டியது. முந்நூறு வருடத்துக்கும் மேல் மழையிலும் வெயிலிலும் கிடந்தும் முழுசாக இருக்கிறது. "அந்தக் காலத்து இரும்பு" என்று பெருமூச்சு விடுகிறவர்கள் என் பட்டறைக்கு நிறையப் பேர் வருகிறார்கள். இரும்பின் தரத்துக்குப் பங்கு இருக்கலாம். ஆனால் அந்தப் பீரங்கி கடலிலிருந்து வெகுதூரம் உள்ளே இருக்கிறது, மழை பெய்தால் கழுவிக்கொண்டு காய்ந்துவிடுகிறது, அதன் மேல் ஒரு மில்லிமீட்டர் போனாலும் யாருக்கும் தெரியாது. உங்கள் காரின் கதவுத் தகடே முக்கால் மில்லிமீட்டர்தான் இருக்கும்.

இனி மகளின் காருக்கு வருகிறேன்.

கனடாவில் ஆண்டுக்குச் சுமார் 50 லட்சம் டன் உப்பைச் சாலைகளில் தூவுகிறார்கள். ஒன்டாரியோவில் ஹியூரன் ஏரிக்கு அடியில், ஏறக்குறைய 1,800 அடி ஆழத்தில், அதற்கென்றே ஒரு பெரிய சுரங்கம் இருக்கிறது. நாம் அகஸ்தியம்பள்ளியில் கடல்நீரைப் பாத்தி கட்டி வெயிலில் காய்ச்சி எடுப்பதை அவர்கள் பாறையாக வெட்டி எடுக்கிறார்கள். உப்புக் கலந்த நீர் பூஜ்யம் டிகிரியில் உறையாது என்பதுதான் அதன் பயன். குளிர் அதிகமாகி மைனஸ் 10 டிகிரிக்குக் கீழே போனால் சாதாரண உப்பு அவ்வளவாக வேலை செய்யாது. அப்போது கால்சியம் குளோரைடு, மக்னீசியம் குளோரைடு கரைசல்களைச் சேர்க்கிறார்கள். காருக்கு மிகப் பெரிய எதிரி இவைதான். சாலை காய்ந்து பளிச்சென்று இருக்கும் நாளிலும் இவை காற்றிலிருந்து நீரை இழுத்து அடித்தகட்டை ஈரமாகவே வைத்திருக்கும்.

மகள் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பதாகச் சொன்னீர்கள். அங்கே பெரும்பாலும் தரைக்கு அடியில் கதகதப்பான கார் நிறுத்தம் இருக்கும். வெளியே நிற்கும் காரைவிட உள்ளே நிற்கும் கார் பத்திரம் என்று நாம் நினைப்போம். துருவுக்கு இது தலைகீழ். உறைந்த பனியில் உப்பு சும்மா இருக்கும். கடுங்குளிரில் துருவும் மந்தமாகவே நகரும். உப்புப் பனி ஒட்டிய காரைக் கதகதப்பில் கொண்டுபோய் நிறுத்தினால் இரவு முழுக்க அது உருகி மூலை முடுக்கெல்லாம் இறங்கும். அதற்காக மகளைக் குளிரில் நிறுத்தச் சொல்ல மாட்டேன். பத்துப் பதினைந்து நாளுக்கு ஒரு முறை, வெப்பநிலை பூஜ்யத்துக்கு மேலே ஏறும் ஒரு நாளில், அடிப்பக்கத்துக்கும் நீர் பீய்ச்சும் இடமாகப் பார்த்துக் கழுவிவிட்டு உள்ளே கொண்டுவரட்டும். கடுங்குளிர் நாளில் கழுவினால் கதவின் ரப்பரும் பூட்டும் உறைந்து ஒட்டிக்கொள்ளும். எல்லாக் கழுவலையும்விட முக்கியமானது, பனிக்காலம் முடிந்து கடைசி உப்பும் போன பிறகு வசந்தத்தில் கழுவுவது. பனி போய்விட்டதே என்று பலர் அதைத்தான் விட்டுவிடுகிறார்கள். வெயில் ஏறும்போதுதான் தேங்கிய உப்பு வேகமாக வேலை செய்யத் தொடங்கும்.

எண்ணெய் அடிக்கச் சொன்ன சக ஊழியர்கள் சரியாகவே சொல்லியிருக்கிறார்கள். அது சமையல் எண்ணெய் போல நீர்க்க ஓடுகிற, துருத் தடுப்பு மருந்து கலந்த எண்ணெய். தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி ஒட்டியிருக்கும் இடுக்குகளில் தானே ஊர்ந்து போய் நீரை வெளியே தள்ளும். அதுதான் அதன் சிறப்பு. கறுப்பாக, கெட்டியாக அடிக்கும் ரப்பர் பூச்சு அப்படி ஊராது. மழையிலும் சேற்றிலும் எண்ணெய் கரைந்து போவதால் ஒவ்வோர் ஆண்டும் குளிர் வருவதற்கு முன், செப்டம்பர், அக்டோபர் வாக்கில் அடிக்க வேண்டும். மகளின் கார் ஏற்கெனவே மூன்று குளிர்காலம் பார்த்தது. எனவே முதலில் அடிப்பக்கத்தை நன்றாகக் கழுவி, காயவைத்து, பிரேக் எண்ணெய் போகும் இரும்புக் குழாய்களை ஒருவர் விளக்கடித்துப் பார்த்த பிறகே எண்ணெய் அடிக்கட்டும். கதவு துருப்பிடித்தால் பணம்தான் போகும். பிரேக் குழாய் துருப்பிடித்தால் உயிர் போகும். இன்னொன்று: உள்ளறைகளுக்குள் எண்ணெய் செலுத்துவதற்காகச் சில இடங்களில் தகட்டில் துளை போடுவார்கள். வாகன நிறுவனத்தின் துரு உத்தரவாதம் இன்னும் இருந்தால் அந்தத் தாளைப் படிக்காமல் துளை போட விட வேண்டாம். அடித்த பிறகு ஓரிரு நாள் சொட்டும். கார் நிறுத்தத்தில் அட்டை விரித்து வைப்பது அக்கம்பக்கத்தாருக்குச் செய்யும் மரியாதை.

மின்சாரக் கருவி வேண்டாம். இதை நான் தயக்கமில்லாமல் சொல்வேன். நம் துறைமுகத்தில் இரும்புப் படகுகளைக் கரையேற்றும்போது அடியில் சாம்பல் நிறக் கட்டிகள் பதித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது துத்தநாகம். படகின் இரும்பும் அந்தக் கட்டியும் ஒரே கடல்நீரில் மூழ்கி நிற்பதால் துத்தநாகம் தான் கரைந்து இரும்பைக் காக்கிறது. மண்ணுக்கடியில் போகும் குழாய்களை மின்சாரம் கொடுத்துக் காப்பதும் இதே முறைதான். சுற்றிலும் ஈர மண் இருக்கிறது. கார் காற்றில் நிற்கிறது. கருவியிலிருந்து கிளம்பும் மின்னோட்டம் கதவின் அடிக்குப் போய்ச் சேர்வதற்கு நடுவில் நீரே இல்லை. அந்தப் பணத்தில் மகள் பல வருடம் எண்ணெய் அடித்துக்கொள்ளலாம். காருக்குள் குழிவான ரப்பர் மிதியடியும் வாங்கிப் போட்டுவிடட்டும். பூட்ஸில் ஒட்டி வரும் பனி, உப்புநீராக உருகிக் கம்பளத்துக்குள் இறங்கி, தரைத்தகட்டை உள்ளிருந்து அரிக்கும்.

இப்போது உங்கள் கார்.

தோப்புத்துறையில் பனி பெய்வதில்லை. ஆனால் அங்கே உப்பு தூவுவதற்கு லாரி வேண்டியதில்லை, கடலே தூவுகிறது. அலை உடையும்போது எழும் நுண்துளிகளைக் கொண்டல் காற்று கொண்டுவந்து படியவைக்கும். கடலிலிருந்து தூரம் போகப் போக இது மளமளவென்று குறையும். மன்னார்குடிக் காரும் தோப்புத்துறைக் காரும் ஒரே வருடத்தில் ஒரே கடையில் வாங்கியவையாக என் பட்டறைக்கு வந்தால், அடியில் ஒரு முறை பார்த்தாலே எது எந்த ஊர் என்று சொல்லிவிடுவேன். பகலில் தகடு காய்ந்துவிடும். இரவில் ஈரப்பதம் ஏறியதும் படிந்த உப்பு மறுபடி கசியும். டொராண்டோவில் இந்தக் கூத்து நான்கைந்து மாதம்தான். நமக்கு வருடம் முழுக்க. அங்கே குளிர் துருவின் கையைக் கட்டிவைக்கிறது. இங்கே வெப்பம் அதை விரட்டுகிறது. இதோடு அகஸ்தியம்பள்ளி, கோடியக்காடு வழியாகப் போகும்போது உப்பு லாரிகள் சிந்தியது சாலையோரம் கிடக்கும். மழைத் தூறலில் அதன்மேல் ஏறிப் போனால் டொராண்டோ சாலைக்கும் அதற்கும் வித்தியாசமில்லை.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையேறியதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கடல்நீர் தெளித்த கார்களைக் கழுவ அப்போது யாருக்கு நேரம் இருந்தது, மின்சாரம்தான் எங்கே இருந்தது? வாரக்கணக்கில் அப்படியே நின்றன. அடுத்த இரண்டு வருடத்தில் என் பட்டறைக்கு வந்த வேலையில் பெரும்பகுதி அந்த வாரங்களின் கைவேலை. தென்னை விழுந்து நசுங்கிய கூரைகளைவிட, நசுங்காமல் நின்ற கார்களின் அடித்தகடுகள்தான் எனக்கு அதிக வருத்தம் தந்தன.

சென்ற தை மாதம் ஒரு கார் வந்தது. வயது ஆறு. வெளியே பளபளவென்று இருந்தது. இடது பின்கதவின் கீழ் விளிம்பில் மட்டும் உளுந்து அளவில் நான்கு கொப்புளங்கள். உரிமையாளர் டச்சப் பெயின்ட் போதும் என்றார். நான் கதவின் அடியில் விரலைவிட்டுத் தடவினேன். எந்தக் காரின் கதவுக்கும் அடியில் மழைநீர் வடிய இரண்டு மூன்று துளைகள் இருக்கும். கண்ணாடியோரமாக உள்ளே இறங்கும் நீர் அவற்றின் வழியேதான் வெளியேறும். மூன்றும் அடைத்திருந்தன. விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவி உள்ளே விட்டுக் குத்தினேன். களிமண்ணும் வேப்பம்பூவும் சேர்ந்து இறுகிய உருண்டை ஒன்று விழுந்தது. அதன் பின்னால் அரை தம்ளர் அளவுக்குத் தண்ணீர், வடித்த டீத்தூள் நிறத்தில், என் கையில் ஊற்றியது. மழை நின்று பதினைந்து நாளுக்கு மேல் ஆகியிருந்தது. பிறகு ஸ்க்ரூ டிரைவரின் முனையை ஒரு கொப்புளத்தில் வைத்து லேசாக அழுத்தினேன். அப்பளத்தில் போவது போல உள்ளே போய்விட்டது. துரு வெளியிலிருந்து உள்ளே போகவில்லை. உள்ளிருந்து வெளியே வந்து முகம் காட்டியிருக்கிறது. நீங்கள் அனுப்பிய படத்திலும் பொங்கல் கீழ் விளிம்பில்தான் இருக்கிறது. இதைப் படித்து முடித்ததும் முதல் வேலையாக ஓர் ஈர்க்குச்சியோடு வாசலுக்குப் போங்கள்.

கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி போன்ற தகட்டை, எங்கள் பேச்சில் ரன்னிங் போர்டு, அடுத்துப் பாருங்கள். அதற்கும் வடிதுளைகள் உண்டு. முன் கண்ணாடிக்குக் கீழே, பானட் ஓரத்தில், இலைதழை சேரும் ஒரு வாய்க்கால் இருக்கும். அதை மாதம் ஒரு முறை கையால் அள்ளுங்கள். மட்கார்டுக்கு உள்ளே கையைவிட்டால் வண்டல் களிமண் அப்பியிருக்கும். நம் டெல்டாக் களிமண் லேசில் உதிராது, உள்ளே ஈரத்தை வாரக்கணக்கில் பிடித்துவைத்திருக்கும். அறுவடைக் காலத்தில் சாலையில் கதிர் போடும் இடங்களைக் கடந்து வந்தால் வைக்கோல் அடியில் சுற்றிக்கொள்ளும். சைலன்சர் சூட்டில் தீப்பிடிக்கும் என்று எல்லோரும் பயப்படுகிறார்கள், பயப்பட வேண்டியதுதான். எரியாமல் தங்கும் வைக்கோல் ஈரப் பஞ்சு போல இருந்து தகட்டைத் தின்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏசி நீர் வெளியேறும் குழாய் அடைத்தால் முன்பக்கக் கம்பளம் நனையும். கம்பளத்தை அழுத்திப் பாருங்கள். டிக்கியில் மீன் கொண்டுவருவீர்களா? ஐஸ் உருகிய நீர் ஸ்டெப்னி குழிக்குள் இறங்கியிருக்கும். ஸ்டெப்னியைத் தூக்கிப் பாருங்கள்.

கழுவும் தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கடலோரத்தில் பெரும்பாலான வீடுகளில் ஆழ்குழாய் நீர் உவர்ப்பு. அதை எவர்சில்வர் தட்டில் கொஞ்சம் ஊற்றி வெயிலில் காயவையுங்கள். வெள்ளைப் படலம் தடிமனாகப் படிந்தால், நீங்கள் வாரந்தோறும் சிரத்தையாக உங்கள் காருக்கு உப்பு அடித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று பொருள். கொள்ளிடக் குடிநீரைக் காருக்குக் கொட்டுவதில் எனக்குச் சம்மதமில்லை. மழைநீர்த் தொட்டி இருந்தால் அதிலிருந்து எடுங்கள். இல்லையென்றால் சேற்றை ஆழ்குழாய் நீரில் போக்கிவிட்டு, கடைசியில் இரண்டு வாளி நல்ல நீரில் அலசித் துடைத்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பெய்யும் நாளில் காரைத் திறந்த வெளியில் விட்டுவிடுவதும் நல்ல குளியல்தான். மழை அடிப்பக்கத்தைக் கழுவாது. அதற்கு ஹோஸ் பிடித்துச் சக்கரக் குழிக்குள்ளும் அடியிலும் பீய்ச்ச வேண்டும்.

உறையைக் கழற்றிவிடுங்கள். உப்புக் காற்று உறைக்குள்ளும் போகும், ஈரம் மட்டும் வெளியே வராது. காற்றில் அது ஆட ஆட, படிந்த உப்பும் மணலும் பெயின்ட்டைத் தேய்க்கும். நான்கு பக்கமும் திறந்த ஒரு கீற்றுக் கொட்டகை உறையைவிட ஆயிரம் மடங்கு மேல்.

அடிப்பக்கத்துக்குக் கழிவு ஆயில் அடிக்கும் பழக்கம் நம் வாட்டர் சர்வீஸ் நிலையங்களில் இன்னும் இருக்கிறது. சில இடங்களில் டீசல். இரண்டும் வேண்டாம். டீசல் ரப்பர் புஷ்களை ஊறவைத்துக் கெடுக்கும். கழிவு ஆயில் எஞ்சினுக்குள் எரிந்த அமிலமும் அழுக்கும் சேர்ந்தது. வாய்க்காலில் கலந்தால் வயலுக்கும் கேடு. கனடாவில் அடிப்பது போன்ற துருத் தடுப்பு எண்ணெயோ மெழுகு வகைப் பூச்சோ இங்கும் கிடைக்கிறது. கதவுகளுக்கும் ரன்னிங் போர்டுக்கும் உள்ளே நீளக் குழல் வைத்து அடிக்கச் சொல்லுங்கள். மழைக்கு முன், புரட்டாசியில் அடித்தால் நல்லது. கறுப்பு ரப்பர் பூச்சு புதுக் காரில், சுத்தமான தகட்டில் அடித்தால் கல் அடிபடாமல் காக்கும். பழைய காரில் அதன்மேல் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. வேறோர் இடத்தில் ஈரச் சேற்றின் மேலேயே அடித்து அனுப்பிய ஒரு காரை நான் சுரண்டிப் பார்த்தேன். பூச்சு தோல் போல ஒரே வீச்சில் உரிந்து வந்தது, உள்ளே தகடு செதில் செதிலாக இருந்தது. துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும், அதனால் பூச்சைத் தானே தள்ளிக்கொண்டு பரவும்.

கடைசியாக உங்கள் கதவோரப் பொங்கல். சுரண்டிப் பார்த்துத் தகடு கெட்டியாக இருந்தால் வெள்ளைத் தகடு தெரியும்வரை தேய்க்க வேண்டும். குழிகளில் ஒட்டியிருக்கும் துருவுக்கு மட்டும் துரு மாற்றி மருந்து. கடுக்காய் ஊறிய நீரில் இரும்பு ஆணியைப் போட்டால் மை போலக் கறுக்குமே, அந்த வகை ரசாயனம்தான் அது. துருவைக் கறுப்பான, அசையாத பொருளாக மாற்றும். அதன்மேல் எபாக்சி பிரைமர், அதற்குப் பிறகே பள்ளத்தை நிரப்பும் பட்டி, பிறகு பெயின்ட். துருவின் மேலோ வெறும் தகட்டின் மேலோ நேராகப் பட்டி பூசுகிறவரிடம் காரைக் கொடுக்காதீர்கள். பட்டி ஈரத்தை உறிஞ்சும். ஆறு மாதத்தில் அதே இடம் பொங்கும். தகடு ஓட்டையாகியிருந்தால் அந்தப் பகுதியை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்துப் பற்றவைக்க வேண்டும். பற்றவைத்த சூட்டில் தகட்டின் உட்புறம் பெயின்ட் கருகிவிடும். அந்த உட்புறத்துக்குப் பிரைமரும் மெழுகும் அடித்தார்களா என்று கேளுங்கள். வெளியே தெரியாத அந்த வேலைக்குக் கூலி கேட்டால் தயங்காமல் கொடுங்கள்.

துளைகளைக் குத்திவிட்ட பிறகு வந்த தண்ணீரின் நிறத்தை எனக்கு எழுதுங்கள். தெளிவாக இருந்தால் அவசரமில்லை, புரட்டாசியில் பார்த்துக்கொள்ளலாம். செம்மண் நிறத்தில் வந்தால் இந்த வாரமே காரை நாகப்பட்டினத்துக்குக் கொண்டுவாருங்கள், கதவின் உள்ளட்டையைக் கழற்றிப் பார்த்துவிடுவோம்.